உம் வந்தால் பெருக்கு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

பத்தொன்பது நாளாக உன் போன் மூன்று தடவை அடித்துவிட்டு நின்றுபோகிறது. நீ துண்டிக்கிறாயா, மாமா துண்டிக்கிறாரா என்று தெரியவில்லை. அதனால்தான் தபாலில் வருகிறேன். கடிதத்தைக் கிழிக்கலாம். ஆனாலும் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு நப்பாசை.

மாமா எங்கள் பள்ளிக்கு வந்ததை உன்னிடம் சொன்னாரோ இல்லையோ. ஆசிரியர் அறையில் அப்போது நாங்கள் ஏழு பேர் இருந்தோம். எங்கள் ஊரில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார் போல, முழங்கைவரை கிரீஸ். என் மேஜைக்கு எதிரே நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பதினாறுல ஒண்ணுன்னு சொன்னியே, யாரைக் கேட்டுச் சொன்ன?" நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார். அறிவியல் டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் என்னிடம் எதையும் கூட்டிப் பார்க்கச் சொல்வதில்லை, ஸ்டோர் கணக்கைக் கூட.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் மூத்தவன், நம் மொட்டை, பதினோரு மாதத்தில் போனான். தசை தளரும் நோய். முதலில் கழுத்து நிற்கவில்லை, பிறகு பால் இறங்கவில்லை, பிறகு மூச்சு. அந்தக் குறை உன்னிடமும் மாமாவிடமும் ஒளிந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. உன்னிடமிருந்து குழந்தைக்குப் போக வாய்ப்பு பாதி, மாமாவிடமிருந்து போக வாய்ப்பு பாதி. நீ கொடுப்பதற்கும் அவர் கொடுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நோய். பாதியைப் பாதியால் பெருக்கு, நாலில் ஒன்று. இதுவரை கணக்கு சரி.

போன வருடம் இதே மாதம் நீ போன் செய்தாய். வயிற்றில் உன் இரண்டாவது, இவள், பதினோரு வாரம். ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாமா சொல்கிறார், அதில் கரு கலைந்துவிடும் ஆபத்து இருக்கிறதே என்று நீ பயப்படுகிறாய், வீட்டில் இழுபறி. "ரெண்டு பேருக்கும் வர வாய்ப்பு எவ்வளவுடா?" என்று கேட்டாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சிவப்புப் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. நாலில் ஒன்றை நாலில் ஒன்றால் பெருக்கி, பதினாறில் ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். நீங்கள் பரிசோதனையை விட்டுவிட்டீர்கள்.

மொட்டைக்கு அது வந்து, முடிந்தே போயிருந்தது. நடந்து முடிந்ததற்கு வாய்ப்பு என்ன கிடக்கிறது? மிச்சம் இருந்தது இவளுடைய நாலில் ஒன்று மட்டும்தான். பத்தாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தால் நான் சுழித்து முட்டை போட்டிருப்பேன்.

இவளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறந்த அன்று துணிப் பொட்டலத்தில் மூக்கை மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகு கைகால் அசைவு போதவில்லை என்றார்கள், ரத்தம் எடுத்தார்கள், வந்துவிட்டது என்றார்கள். நான்கு மணி நேரப் பஸ். ஒரே ஒரு தடவை வந்து, இவளைத் தூக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகச் சொல். வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி


பிப்ரவரி 11

கணக்கு வாத்தியாருக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல வேளை, தபால் பெட்டியை நான் திறந்தேன். இனி எழுதுவதானால் என் தையல் ஒர்க்‌ஷாப் முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே.

நீ பத்தாவது படிக்கும்போது உனக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவள் நான். "உம் வந்தால் பெருக்கு, அல்லது வந்தால் கூட்டு" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாய். இதுவும் நடந்து அதுவும் நடக்க வேண்டுமா, பெருக்கு. இதுவோ அதுவோ போதுமா, கூட்டு. எனக்கு அதில் ஒன்றுதான் புரிந்தது: பெருக்கினாலும் கூட்டினாலும் துடைப்பம் என் கையில்தான். அன்றைக்கு அதைச் சொல்லி நாம் சிரித்தோம். இப்போதும் நீ பெருக்கிவிட்டுப் போய்விட்டாய், குப்பை அள்ளுவது நான்.

இவளைப் பற்றிக் கேட்கிறாய். எடை ஐந்து கிலோ இருநூறு. தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கிடக்கும், நாம்தான் திருப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போடுகிறோம். தொண்டையில் சளி கட்டினால் அவளால் இரும முடியாது. மெஷினில் குழாய் மாட்டி உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் காலை ஆறிலிருந்து இரண்டுவரை பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறேன். அதுவரை அவர் பார்த்துக்கொள்கிறார். மூன்று மணிக்கு அவர் போவார், நான் இருப்பேன். ஒருவர் குழாயைப் பிடித்தால் ஒருவர் தலையைப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். எங்களுக்கு இருவரும் சேர்ந்து கிடைப்பது மதியம் ஒரு மணி நேரமும் ராத்திரியும்தான். மற்ற நேரம் தாடையால் தலையை அணைத்துக்கொண்டு ஒரு கையால் செய்யப் பழகிவிட்டோம். அவருக்குத்தான் நல்ல கை. என் கையில் திணறுபவள் அவர் கையில் கண்ணைச் சொருகித் தூங்கிவிடுகிறாள்.

நீ இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து வருவதெல்லாம் நடக்காது. அவருக்குத் தெரியாமல் நான் எதையும் செய்வதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

குப்பை அள்ளுவது நீ என்று எழுதினாயே, அந்த வரியிலேயே நான் நின்றுவிட்டேன். உனக்குத் தெரியாத குப்பை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பது அயோக்கியத்தனம்.

போன வருடம் நீ போன் செய்து மூன்று வாரம் இருக்கும். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் அந்தப் பாடத்தைத் திருப்புதலுக்காக எடுத்தேன். என் சட்டைப்பையிலிருந்து இரண்டு காசை எடுத்துச் சுண்டிக் காட்டினேன். இரண்டிலும் தலை விழ வேண்டும், தலையும் தலையும், உம் வந்துவிட்டது, பெருக்கு, நாலில் ஒன்று. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். வகுப்பே அவளைச் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கையைத் தூக்கினாள்.

"சார், முதல் காசு விழுந்து தலைன்னு பாத்தாச்சு. அப்புறமும் பெருக்கணுமா?"

வேண்டாம், விழுந்தது விழுந்ததுதான், இரண்டாவது காசுக்கு முதல் காசு என்ன விழுந்தது என்று தெரியாது, அதற்கு எப்போதும் பாதிதான் என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்துப் பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் உன் கேள்வி எனக்கு மறுபடி கேட்டது. அதற்கு மேல் பலகையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உனக்குப் பதினாலாவது வாரம். பரிசோதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்கா, எனக்கு அது தெரியும். அன்றே படித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுநாளும் எடுத்தேன். நாலில் மூன்று நல்லதாகத்தானே இருக்கிறது, கர்ப்பிணியை எதற்குக் கலவரப்படுத்துவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. மாமாவிடம் போய் ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்ல எனக்கு வெட்கம். அவர் என்னை எங்கே போனாலும் ‘என் மச்சான், கணக்கில் புலி’ என்று சொல்லி அறிமுகப்படுத்துவார். அந்தப் புலிக்காக வாயை மூடிக்கொண்டேன். நீயும் அப்போது என்னைக் கூப்பிடவில்லை. நாலைந்து மாதம் நாம் இருவரும் பேசவே இல்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மசக்கையில் இருக்கிறாய் போல என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.

அவசரத்தில் தப்புச் சொல்வது யாருக்கும் நடக்கும். மூன்று வாரம் கழித்துத் தெரிந்தும் சொல்லாதது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு நீ என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இவளைப் பார்க்க வரவேண்டாம் என்று சொன்னாலும் இனி வாய் திறக்கமாட்டேன். ஆனால் நீ உன் வாயால், இந்த விஷயம் தெரிந்த பிறகு, சொல்ல வேண்டும்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

வாசித்தேன்.

நீ சொல்லாமல் விட்டதை மாமாவிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. போனது போகட்டும், அதை நினைத்து நீ சாப்பிடாமல் கிடக்க வேண்டாம்.

இவளுக்குப் பால் இறங்குவது நின்றுவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். குழாயைப் பிடித்து இழுத்துவிடாமல் இருக்க மற்றக் குழந்தைகளுக்குக் கையில் உறை மாட்டுவார்களாம். இவளுக்கு அது தேவைப்படாது என்று நர்ஸ் சொன்னாள். நல்லதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லியிருப்பாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தையல் மெஷினில் ஊசி உடைந்து நேற்று என் விரலில் ஏறிவிட்டது. அதனால் கையெழுத்து இப்படி. கவலைப்படும்படி இல்லை.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நீ திட்டுவாய் என்று இருந்தேன். ஒரு வாரம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்றேன். வந்து பார்த்தால் ‘சாப்பிடாமல் கிடக்க வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் உன் பேனா நிப்பை உடைத்ததற்கே என்னோடு நாலு நாள் பேசாமல் இருந்தவள் நீ. இதற்கு ஒரு வார்த்தை கோபம்கூட இல்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மனது விட்டுப்போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசிக்க யோசிக்க இதில் நான் மட்டும் குற்றவாளி இல்லை என்று தெரிகிறது. தப்பித்துக்கொள்ள இதைச் சொல்லவில்லை. இவளுக்கு நோய் உறுதியான அன்று டாக்டர் மாமாவிடம், ‘நாலில் ஒண்ணுன்னு அப்பவே சொன்னோமே’ என்றாராம். அதைக் கேட்டுத்தான் மாமா என் பள்ளிக்கு வந்தார். நான் கேட்கிறேன், யாரிடம் சொன்னார்கள்? உன்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தால் நீ எதற்கு என்னிடம் கேட்கப்போகிறாய்? வாயில் வந்த பெரிய பெரிய வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். மொட்டை போய் ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்தியிடம், அவளுக்குப் புரிந்ததா என்றுகூடப் பார்க்காமல். இன்னொரு வீட்டில் இன்னொருத்திக்கு இப்படி ஆகக்கூடாது.

அந்த ஆஸ்பத்திரியின் ஆலோசனைப் பிரிவுக்குப் போன் செய்தேன். உங்கள் கோப்பு இருக்கிறதாம், என்ன சொன்னார்கள் என்று அதில் எழுதியிருக்குமாம். பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டு வந்தால்தான் காட்டுவார்களாம். உன்னை அலைக்கழிக்க மனமில்லை. மாமாவின் கம்பெனி முகவரிக்கு இந்தத் திங்கட்கிழமை எழுதப்போகிறேன். என் முகத்தைப் பார்க்க அவருக்குப் பிடிக்காவிட்டால் அவர் மட்டும் போய்ப் பார்க்கட்டும். உண்மை என்ன என்று அவருக்கும் தெரிய வேண்டும். அதற்குப் பிறகாவது, நாம் மூன்று பேரும் ஏமாந்தவர்கள் என்று தெரிந்தால், அவர் என்னை உள்ளே விடலாம்.

இது ஒன்றுதான் இப்போது எனக்கு ஏதோ ஒரு வழியாகத் தெரிகிறது.

தம்பி


மார்ச் 6
(விரைவுத் தபால்)

தம்பி,

அவருக்கு எழுதாதே. எழுதிவிட்டிருந்தால் எப்படியாவது திரும்ப வாங்கு. கோப்பைப் பார்க்க அவர் போகக்கூடாது. அதில் என் கையெழுத்து இருக்கிறது.

மொட்டை போன பிறகு அந்த ஆலோசனைப் பிரிவில் என்னிடம் பேசியவள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு நர்ஸ். ரொம்பப் பொறுமைசாலி. அவள் மேல் ஒரு குறையும் இல்லை. வெள்ளைத் தாளில் நாலு கட்டம் போட்டு, ஒன்றில் மட்டும் பென்சிலால் கோடு கோடாக நிரப்பினாள். "ஒவ்வொரு தடவையும் புதுசா நாலு கட்டம்மா. போனதைக் கணக்குல சேக்கக்கூடாது. இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். நான் சொன்னேன். அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒன்றுதான் என்று என் வாயால் சொன்னேன். புரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். அவர் அந்த அறைக்குள் வரவில்லை. மொட்டையைக் கடைசியாக வைத்திருந்த அதே மாடி என்பதால் வெளியே நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ‘என்ன சொன்னாங்க’ என்று கேட்டார். மறுபடி வந்தாலும் வரலாமாம் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதனால் உன்னிடம் கேட்டபோது எனக்குத் தெரியும்.

இவள் வயிற்றில் வந்தது நாங்கள் நினைத்து வந்ததில்லை. வந்தவுடன் அவர் பரிசோதனை என்றார். நான் ஊசியில் கரு கலைந்துவிடும் என்றேன். அந்தப் பயம் இருந்தது, ஆனால் அது இல்லை விஷயம். பார்த்து, இருக்கிறது என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி என்ன என்று உனக்கே தெரியும். அவர் அதைக் கேட்பார். மொட்டை மூச்சுக்குத் தவித்ததை நின்று பார்த்தவர் கேட்கத்தான் கேட்பார், அதில் தப்பு சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம். வயிற்றில் இருப்பது எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டும் என்று இருந்தது. பைத்தியம் என்று வைத்துக்கொள்.

நீ சொன்னால் ஒழிய அவர் இறங்கிவர மாட்டார். உன் பேச்சென்றால் அவருக்கு எழுதி வைத்த மாதிரி. அதனால் உனக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில் போட்டேன். போடுவதற்கு முன் கேள்வியை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். ‘இதுக்கு வருமா’ என்று கேட்டால் நீ நாலில் ஒன்று என்பாய். ‘ரெண்டு பேருக்கும்’ என்று கேட்டால் பெருக்குவாய். நீ விடைத்தாள் திருத்தும் நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதது எது? நீ பதினாறு என்றாய். அவர் முகம் தெளிந்தது. லிஃப்டை ஒரு கயிற்றில் தொங்கவிட மாட்டார்களாம். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும், ரெண்டும் சேர்ந்து அறுந்து நான் பார்த்ததில்லை என்று அவரே எனக்கு விளக்கம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நாலைந்து மாதம் பேசவில்லை என்று எழுதினாயே. உனக்கு எப்படியும் புரிந்துவிடும், கூப்பிட்டுச் சொல்லிவிடுவாய் என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். நீ கூப்பிடாமல் விட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல நாளாக இருந்தது. அதனால்தான் உன்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம் வேறு.

நாலில் மூன்று என் பக்கம் இருந்தது, தம்பி. மூன்று பங்கு. இவ்வளவு வைத்துக்கொண்டு தோற்பேன் என்று நான் நினைக்கவில்லை. இப்போது குழாய் போடும்போது இவள் கண்ணை அகல விரித்து என்னையே பார்க்கிறாள். அழுகிறாள், சத்தம் வருவதில்லை. வாய் மட்டும் கோணுகிறது. இதை இவளுக்கு நான்தான் வாங்கிக்கொடுத்தேன். எனக்கு வேண்டும் என்று பெற்றேன், வலி எல்லாம் இவளுக்கு.

இனி நான் கேட்கப்போவது கேட்கக்கூடாதது. அவருக்குப் பொய் மட்டும் ஆகாது. அவருடைய அப்பா சொன்ன ஒரே ஒரு பொய்க்காகப் பதினேழு வருடம் அவரோடு பேசாமல் இருந்து, கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்காமல் விட்டவர். இது தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவார். எனக்கு அவர் வேண்டும் என்பது இருக்கட்டும். இவளுக்கு நாலு கை வேண்டும். அவர் கையில்தான் தூங்குகிறாள் என்று முன்பே எழுதினேன். டாக்டர் மழைக்காலத்தைத் தாண்டாது என்கிறார். அதுவரைக்குமாவது.

அவருக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. டாக்டர் ‘அப்பவே சொன்னோமே’ என்றது மனதில் உறுத்துகிறது போல. போன வாரம் சும்மா கேட்பதுபோல, ‘உன்கிட்ட அன்னிக்கு நம்பர் ஏதும் சொன்னாங்களா’ என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் எழுது. அவர் பிரித்து வாசிக்க வேண்டும். தப்பு முழுக்க உன்னுடையது என்று எழுது. மூன்று வாரம் கழித்துத் தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும் எழுது, முன்பு வேண்டாம் என்றேன், இப்போது எழுது. அப்படி எழுதினால் அவர் உன்னை இந்த ஜென்மத்துக்கு மன்னிக்கமாட்டார், நீ இவளைப் பார்க்கவும் முடியாது. தெரிந்துதான் கேட்கிறேன். நீ மாட்டேன் என்றால் எனக்கு வருத்தம் இல்லை. உனக்கு நான் செய்ததற்கு நீ மாட்டேன் என்பதுதான் நியாயம்.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இந்தக் கடிதத்தை மாமா வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மாதமாக நான் ஆஸ்பத்திரி மேல் பழி போடப் பார்த்தேன். ஆலோசனைப் பிரிவில் விசாரித்தேன். மூத்தவன் போனபோது அக்காவிடம் அவர்கள் எந்த எண்ணும் சொல்லவில்லை, மறுபடி வரலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் மாமாவிடம் சொன்னது, வருகிற எல்லோரிடமும் வழக்கமாகச் சொல்வதுதானாம். எனவே அக்காவுக்குத் தெரிந்த ஒரே எண் நான் கொடுத்த எண். நீங்கள் போய்க் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, நான் கேட்டாகிவிட்டது.

அக்கா கேட்டது சாதாரண மனுஷி கேட்கும் கேள்வி. அவள் எந்த வார்த்தையில் கேட்டிருந்தாலும் அவள் கேட்க வந்தது என்ன என்று புரிந்துகொண்டு பதில் சொல்வதற்குத்தான் எனக்குப் படிப்பு. நான் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெருக்கினேன். அவசரமாகச் சொன்னேன், விடைத்தாளில் இருந்த கவனம்கூட உங்கள் குழந்தை விஷயத்தில் எனக்கு இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. மூன்று வாரம் கழித்து, வகுப்பில் பாடம் நடத்தும்போது, நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் பரிசோதனைக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த வாரமே அக்கா எனக்குப் போன் செய்தாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். ‘மனசு கேக்கலடா, இன்னொரு தடவை பாத்துச் சொல்லு, பதினாறுல ஒண்ணுதானா’ என்று கேட்டாள். சரிதான், போய் நிம்மதியாகத் தூங்கு என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என் மரியாதை போய்விடும் என்று பயந்து சொன்னேன்.

மாமா, நீங்கள் அன்று ஆசிரியர் அறையில் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டீர்கள். இதெல்லாம் தெரிந்திருந்தால் நிறுத்தியிருக்கமாட்டீர்கள். அடித்திருந்தாலும் அது எனக்கு வரவேண்டியதுதான்.

குழந்தையைப் பார்க்க வருகிறேன் என்று அக்காவுக்கு எழுதித் தொந்தரவு கொடுத்தேன். இனி கேட்கமாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் கூப்பிட்டாலும் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை என்பதுதான் நிஜம்.

அக்காவை எதுவும் கேட்காதீர்கள். அவள் என்னை நம்பினாள், வேறு ஒன்றும் செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்


மார்ச் 17

தம்பி,

சனிக்கிழமை மதியம் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் வந்தது, நான் வீட்டில் இருந்தேன். நின்றபடியே வாசித்தார்.

நான் மறுபடி போன் செய்து கேட்டதாக எழுதியிருக்கிறாயே, அதை நான் எழுதச் சொல்லவில்லை. அந்த இடத்தைத்தான் அவர் இரண்டு தடவை வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ மறுபடியும் கேட்டியா?" என்றார்.

கேட்டேன் என்று சொன்னேன்.

அவர் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு என் தலைமேல் கையை வைத்தார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டதில்லை. ‘பாவம்டி நீ’ என்றார். நான் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அழுதேன். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. இருவருமாகச் சேர்ந்து இவளைக் குளிப்பாட்டினோம். இரண்டு பேர் பிடித்தால் இவள் திணறுவதில்லை.

உன் பேச்சை எடுத்தாலே இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. இன்று மதியம் தபால் பெட்டியில் ஏதோ ஒரு உறையைப் பார்த்து, உன்னுடையது என்று நினைத்துவிட்டார். அது வேறு யாருக்கோ வந்தது. ஆனாலும் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று. இவளுக்கு மூக்கில் குழாய் மாற்றுவது அவர்தான், அந்தக் கை நடுங்கக்கூடாது.

அதனால் இனி எழுதாதே, தம்பி. ஒர்க்‌ஷாப்புக்கும் வேண்டாம்.

அக்கா